இரண்டு பேருக்குக் கேட்ட கொட்டில்

பதினொரு வயதில் எனக்கொரு எதிரி இருந்தான். அவனுக்கு வயது ஒன்றரை. ஒட்டுசுட்டானில் ஒரு வாய்க்கால்கரை வீட்டில், வாய்நீர் வடித்துக்கொண்டு என் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்திருந்தான். நானோ பூவரசங்குளத்தில் சின்னம்மா வீட்டில், அவளுடைய பிள்ளைகளின் கால் உதைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. பச்சைப் பிள்ளையோடு என்ன போட்டி என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்களுடைய அம்மாவை யாரும் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை.

எழுபத்தேழுக் கலவரத்தில் நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா, நான், அம்மாவின் தங்கச்சியான சின்னம்மா, அவள் புருஷன், பிள்ளைகள் எல்லோரும் வவுனியாவில் இறங்கி, பூவரசங்குளத்துப் பக்கம் காடு வெட்டின நிலத்தில் குடியிருக்கக் கொட்டில் போட்டோம். பெரியவர்கள் களை பிடுங்கப் போனார்கள், மிளகாய் ஆயப் போனார்கள். அம்மாவுக்கு அந்த வேலை ஓடவில்லை. வெயிலில் தலை சுற்றி வரம்பில் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குத் தெரிந்தது பிள்ளை வளர்ப்பதுதான். தோட்டத்தில் அவள் புள்ளக்காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறை அது. வரிசையாகத் தொட்டில் கட்டியிருக்கும். என்னையும் அந்த வரிசையில்தான் போட்டு வளர்த்தாள். நான் அழுதால் என் முறை வரும்போதுதான் தூக்குவாளாம். “எம்புள்ளைய மொதல்ல தூக்குனா மத்தவளுக என்னா சொல்லுவாளுக?” என்று அதைப் பெருமையாகவேறு சொல்லுவாள். எனக்கு இந்த எரிச்சல் தொட்டிலிலேயே தொடங்கிவிட்டது.

சின்னம்மா களை பிடுங்கப் போன இடத்தில்தான் அந்த வேலைக் கதை வந்தது. ஒட்டுசுட்டானில் ஒரு டீச்சர். அவரும் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றக் காணி கிடைத்து வந்தவர்கள். கணவருக்கு வயல், டீச்சருக்குப் பள்ளிக்கூடம். பிள்ளையைப் பார்க்கச் சொந்தக்காரர் யாரும் கிட்டடியில் இல்லை. வீட்டோடு தங்கிப் பிள்ளையைப் பார்க்க ஒரு மனுசி வேண்டும். தனி ஆளாக இருக்கவேண்டும். இந்தத் தனி ஆள் என்ற சொல்லை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். நான் ஒருத்தி இருக்கும்போது அம்மா எப்படித் தனி ஆள் ஆவாள் என்று கேட்டேன். அம்மா தன் துணிகளை ஒரு உரப்பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சம்பளம் என்னவென்று கேட்டால், சாப்பாடு உண்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சீலை உண்டு, கைச்செலவுக்குக் கொஞ்சம் உண்டு. மிச்சத்தை அவர்களே வைத்திருந்து, மகளுக்குக் கலியாணம் வரும்போது பார்த்துச் செய்வார்கள். அந்தப் பக்கத்தில் வீட்டோடு இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் வழக்கமாம். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தாள். என் அம்மாவை அடகு வைத்து எனக்குத் தோடு செய்கிறார்களாம்! தோடு யாருக்கு வேண்டும்?

மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பஸ் மாறி வருவாள். வந்தவுடன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வேன். கட்டிக்கொண்ட பிறகுதான் அந்த வாசனை மூக்கில் ஏறும். குழந்தைப் பவுடர் வாசனை. என் அம்மாவின் சீலையில் ஊரான் பிள்ளையின் பவுடர். உட்கார்ந்தால் கதை முழுக்க அவனைப் பற்றித்தான். தம்பி பிடிக்காமல் நின்றது, தம்பி முட்டையைத் துப்பிவிட்டது, தம்பி பூனையைப் பார்த்து இப்படிச் சிரித்தது. அந்தச் சிரிப்பை எனக்குச் செய்துவேறு காட்டுவாள். நான் வகுப்பில் முதலாவதாக வந்ததைச் சொல்ல இடைவெளியே கிடைக்காது. இன்னொன்று, கையில் பிள்ளை இல்லாதபோதும் உட்கார்ந்த இடத்தில் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஆட்டாம இரும்மா!” என்று கத்துவேன். “யாரு ஆட்டுறா?” என்று கேட்டுக்கொண்டே ஆட்டுவாள்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் எல்லோருடைய தாய்மாரையும் வரச் சொன்னார்கள். உன் அம்மா எங்கே என்று கேட்டபோது, செத்துப்போச்சு என்றேன். எனக்குக் கூச்சமே வரவில்லை. நன்றாகத்தான் இருந்தது. செத்துப்போனவள் இடுப்பில் யாரையும் வைத்துக்கொள்ள மாட்டாள் அல்லவா? கதை ஊர் சுற்றிச் சின்னம்மாவின் காதுக்கு வந்தது. அவள் என்னை இழுத்துவைத்து முதுகில் நாலு போட்டாள். பிறகு அடுப்படியில் குந்தி வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். சின்னம்மா பேசாமல் இருந்தால் எங்கேயோ சண்டைக்குப் புறப்படுகிறாள் என்று அர்த்தம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஒட்டுசுட்டானுக்குப் பஸ் ஏறினாள்.

அந்த வீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஓட்டு வீடு, பெரிய வளவு, பின்னால் கிணறு. எங்களை அடுப்புப் புகை வந்துகொண்டிருந்த குசினி வாசலில் இருத்தினார்கள். எங்களைப் போன்றவர்களுக்கென்று தனியே வைத்திருந்த தகரப் பேணிகளில் தேத்தண்ணி வந்தது. டீச்சர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். அவருடைய கணவரை ஐயா என்று அம்மா சொல்லுவாள். அவர் முற்றத்தில் மருந்தடிக்கிற மெசினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா தூணோரம் நின்றாள். அவள் இடுப்பில் அவன். நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். பார்த்துக்கொண்டே என் அம்மாவின் சட்டையை இறுக்கிப் பிடித்தான். கள்ளன்.

“டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க” என்று சின்னம்மா தொடங்கினாள். “எங்கக்கா வாயத் தொறக்காது. தோட்டத்துல அப்பிடிப் பழகிப்போச்சு. அங்க பேரு போட்டாத்தான் குடியிருக்கக் காம்பரா, பேரு வெட்டுனா ரோட்டு. அந்தப் பயத்துல இது யாருகிட்டயும் ஒண்ணும் கேக்காது. அதான் நான் கேக்க வந்தேன்.”

டீச்சரின் முகம் மாறியது. “என்ன கதை இது? உங்கட அக்காவை நாங்கள் வேலைக்காரி மாதிரியே வச்சிருக்கிறம்? வீட்டு ஆள் மாதிரித்தானே இருக்கிறா.”

“சந்தோசங்க. வீட்டு ஆளு எங்கிட்டுப் படுக்குது?”

“தம்பியின்ர தொட்டிலுக்குப் பக்கத்திலை, பாய் போட்டு.”

“ராவுல புள்ள அழுதா யாரு எந்திரிக்கிறது?”

“பிள்ளை எண்டால் ஆரும் எழும்பத்தானே வேணும்.”

“எந்திரிக்கணுங்க. எந்திரிக்கட்டும். அதுக்கு என்னா பேரு போடுறீங்க? அரைப் பேரா, முழுப் பேரா?”

டீச்சர் விழித்தார். சின்னம்மா விளக்கினாள். தோட்டத்தில் முழுநாள் வேலை செய்தால் முழுப் பேர், பாதிநாள் என்றால் அரைப் பேர், அதற்கேற்ற சம்பளம். பகலில் பிள்ளை பார்ப்பது ஒரு பேர். இராத்திரி பார்ப்பதற்கு அரைப் பேராவது போடத்தான் வேண்டும். சும்மா எழும்புவதற்கு அவள் என்ன பிள்ளையைப் பெற்றவளா?

டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முற்றத்திலிருந்து ஐயாவின் குரல் வந்தது. “அவ கேக்கிறது ஞாயந்தானே? வயலுக்கு இராத்தண்ணி கட்ட ஆள் பிடிச்சால் நாங்கள் இராக்கூலி குடுக்கிறேல்லையே? நெல்லுக்குக் குடுக்கிறம், பிள்ளைக்குக் குடுக்கக்கூடாதே?”

“நாங்கள் இவளின்ர கலியாணத்துக்குச் செய்வம் எண்டுதானே...” டீச்சர் என்னைக் காட்டினார்.

“கலியாணம் வாரப்ப வரட்டுங்க. அது இன்னும் சடங்குகூட ஆவல. மாசாமாசம் எங்கக்கா கையில குடுங்க. தோடு வேணுமா, சோறு வேணுமான்னு அது பாத்துக்கிரும்.” சின்னம்மா தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பேணியைக் கவிழ்த்து வைத்தாள். “இன்னொண்ணு இருக்குங்க. இந்தப் புள்ள பள்ளிக்கொடத்துல தன் ஆத்தா செத்துப்போச்சுன்னு சொல்லியிருக்கு. இருக்கிற ஆத்தாவ. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இந்த வளவுல ஆத்தாளும் மகளும் இருக்க ஒரு கொட்டில் போட்டுக் குடுங்க. சாக்குத் தொங்க விடுறது வேணாம். உள்ளுக்கிருந்து கொளுவுற கதவு வேணும்.”

அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். அவள் உடம்பு ஆடுவது நின்றுபோயிருந்தது. நான் வேண்டுமென்றே பார்வையை எடுக்கவில்லை. ஓம், சொன்னேன்தான், அதற்கு இப்போது என்ன?

எல்லாம் சரிவந்தது. ஐயா தானே மண் குழைத்துச் சுவர் வைத்தார். தென்னங்கிடுகு வேய்ந்து, பழைய தகரத்தைச் சட்டத்தில் அடித்துக் கதவும் போட்டுத் தந்தார். மாதச் சம்பளம் கைக்கு வந்தது, இராத்திரிக்கு அரைப் பேரும் சேர்ந்து. டீச்சர் என்னைத் தன் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தார். சின்னம்மா ஊரெல்லாம் சொல்லிப் பீற்றினாள். எனக்கும் முதல்நாள் பகல் முழுக்கத் தலைகால் புரியவில்லை. கொட்டிலைச் சாணி போட்டு மெழுகினேன். ஒரு மூலையை அம்மாவுக்கென்று வைத்தேன், பிறகு வேண்டாமென்று இரண்டு தலையணைகளையும் ஒரே மூலையில் போட்டேன்.

பொழுதுபட்டதும் அம்மா வந்து எனக்குச் சோறு போட்டாள். விளக்கைக் குறைத்தாள். “உள்ளுக்குக் கொளுவிக்கிட்டுப் படு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

“நீ எங்க போற?”

“தம்பிகிட்ட. ராத்திரிக்கு அரைப் பேரு போட்டிருக்காங்கல்ல?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சின்னம்மா என்ன வேலை பார்த்திருக்கிறாள் பாருங்கள்! இதற்கு முன்பு அம்மா இராத்திரியில் சும்மா எழும்பினாள். வேண்டாமென்று சொல்ல அவளுக்கு ஒரு வழியாவது இருந்தது. இப்போது காசு வாங்கிவிட்டாள், போகாமல் இருக்க முடியாது. சின்னம்மா நியாயம் பேசி நியாயம் பேசி என் அம்மாவின் இரவுகளை முழுக்க விற்றுவிட்டாள். நல்ல விலைக்குத்தான் விற்றாள், அதை நான் மறுக்கவில்லை. இரண்டு பேருக்குக் கேட்டு வாங்கிய கொட்டிலில் நான் ஒற்றையாகக் கிடந்தேன்.

பூவரசங்குளமே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. அங்கே இருந்தபோது அவள் பாடுவது எனக்குக் கேட்காது. இங்கே கிணற்றடியைத் தாண்டினால் ஜன்னல். அவள் தாலாட்டு ஒவ்வொரு சொல்லாக வந்து விழும். காதைப் பொத்தினால் பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று மனது தானாகச் சொல்லும். எனக்கு அந்தப் பாட்டைப் பாடினாளா என்று ஒருநாள் கேட்டேன். “ஒனக்கு மட்டுமா, அத்தன புள்ளைகளுக்குந்தான் பாடுனேன்” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் அவளோடு கதைக்கவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை, தம்பிக்குச் சளி.

மழை தொடங்கின மாதத்தில் எனக்கு வெறி பிடித்துவிட்டது. அம்மா சம்பளத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்து தகரப் பெட்டியில் வைக்கச் சொன்னபோது, நான் தாள்களை எண்ணாமல் அவள் மடியில் போட்டேன்.

“இதுல எது ராத்திரிக்கு?”

“என்னாடி கேக்குற?”

“அரைப் பேரு எதுன்னு கேக்குறேன். அத எடுத்துக் குடு. திருப்பிக் குடுத்துட்டு வாரேன். எனக்கு ஒன்னோட ராத்திரி வேணும்.”

“சின்னப்புள்ள மாதிரிப் பேசாத.”

“அவன் மட்டும் சின்னப்புள்ள. நான் கெழவி!” என்று கத்தினேன். கத்தியதில் கிணற்றடியில் நின்ற ஐயா திரும்பிப் பார்த்தார். “அந்த வீட்டுல அவனுக்கு ஒரு அம்மா இருக்கு. பெத்த அம்மா. எனக்கு எத்தன அம்மா இருக்கு, சொல்லு!”

அம்மா மடியிலிருந்த காசை எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்தாள். பிறகு எழுந்து சீலையை உதறிக் கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனாள். நான் பின்னாலேயே போய்க் குசினி ஜன்னலடியில் நின்றேன். வாழ்நாளில் ஒரு துரையிடமும் கங்காணியிடமும் வாய் திறக்காத என் அம்மா டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “ராவுக்குப் பேரு வேணாங்க, டீச்சரம்மா. பகலு மட்டும் போடுங்க. ராவுக்கு நான் எம்புள்ளகூடப் படுத்துக்கிர்றேன்.”

டீச்சர் கோபிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. “ஓம், அதுதான் நல்லது” என்று உடனே சொன்னார். சொன்ன வேகத்தைப் பார்த்தால் எவ்வளவோ நாளாக அந்தப் பேச்சுக்குக் காத்திருந்தவர் போல இருந்தது. “இராவிலை முழிச்சால் என்னைத் தள்ளிப்போட்டு உன்னைத்தான் கேக்கிறான். எனக்கும் ஒரு மாதிரிக் கிடக்கு. அவன் என்னட்டைப் படுத்துப் பழகட்டும்.”

வென்றேன். அன்று மாலையே அம்மா கொட்டிலுக்கு வந்தாள். நானே கதவைக் கொளுவினேன். விளக்கு எரிந்தது, அம்மா அரிசியில் கல் பொறுக்கினாள், நான் அவள் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதைகளை ஒன்றுவிடாமல் அவிழ்த்தேன். எத்தனை மாதத்துக் கதைகள்! அவள் ம் கொட்டினாள். அப்போது தகரத்தில் ஒரு சத்தம். தட், தட்டென்று, கீழே, முழங்கால் உயரத்தில். அவனுக்குத் தட்ட எட்டியது அவ்வளவுதான்.

“ஆயா” என்றான் வெளியே.

பின்னால் டீச்சர் ஓடி வருவதும், தூக்குவதும், அவன் உதறிக்கொண்டு அலறுவதும், அலறல் வீட்டுக்குள் போய்ச் சேர்வதும் கேட்டது. அம்மா தலை நிமிரவில்லை. அடுத்த நாளும் விளக்கு வைத்ததும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். எங்கே விட்டாலும் எப்படியோ நழுவி வந்து தகரத்தைத் தட்டுவான். அம்மா ஒருநாளும் எழுந்து திறக்கவில்லை. டீச்சரிடம் எனக்காகச் சொன்ன சொல்லை அப்படிக் காப்பாற்றினாள். ஆனால் அவள் கை அரிசியில் அசையாமல் நின்றுவிடும். நான் கதையை நிறுத்தினால் நிறுத்தினேன் என்று அவளுக்குத் தெரியாது. சோதித்துப் பார்த்தேன். நடுவில் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தேன். “ம்” என்றாள். வெறும் காற்றுக்கு ம் கொட்டுகிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆள் என் பாயில் இருக்கிறாள், காது முழுக்கக் கதவில் இருக்கிறது. இதற்கா அரைப் பேரை விட்டுக்கொடுத்தோம்? எழுந்து போய்க் கொளுக்கியைத் தட்டிக் கதவைத் திறந்தேன். இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெளியே நின்றால் அவனுக்கு அம்மா முழுசாகக் கிடைக்கிறாள். உள்ளே வந்தால் பாதிதான் கிடைப்பாள், நான் கண்ணால் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். இதுதான் என் கணக்கு.

அவன் என்னைத் திரும்பியும் பார்க்காமல் என் காலுக்குள்ளால் புகுந்து போய் அம்மாவின் மடியில் விழுந்தான். சுளகு சரிந்து அரிசி கொட்டியது. அம்மா அவனை அணைத்துக்கொண்டாள். அணைத்துக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மடியில் அவன் இருக்க, பார்வை என்மேலேயே நின்றது. அந்தக் கொட்டிலுக்கு வந்த பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

வெளியே டீச்சர் வந்துவிட்டார். வாசலில் நான் நின்றேன். அவர் முற்றத்தில், மழைச் சேற்றில், கொஞ்சம் தள்ளி நின்றார். எங்கள் கொட்டிலுக்குள் அவர் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. வகுப்பில் பிரம்போடு நிற்கிறவர், அங்கே கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

“தம்பி என்ன செய்யிறான்?” என்று மெல்லக் கேட்டார்.

என்னிடம் கேட்டார். பெற்ற பிள்ளை என்ன செய்கிறான் என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. பூவரசங்குளத்தில் இருந்தபோது ஒட்டுசுட்டான் பக்கம் போய்வந்த ஒவ்வொருவரையும் பிடித்து நான் கேட்டது அது. அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்பேன். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பார்கள். அத்தோடு போய்விடுவார்கள். உன்னைக் கேட்டாள் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், நாசமாய்ப் போனவர்கள். காசா பணமா?

“ஒங்களத்தான் கேக்குறான்” என்றேன். “அம்மா எங்கன்னு கேக்குறான்.”

அவன் யாரையும் கேட்கவில்லை. கொட்டின அரிசியை அள்ளி அம்மாவின் தலையில் போட்டுக்கொண்டிருந்தான்.

டீச்சர் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். தலையைக் குனிந்து, என்னைத் தாண்டி, உள்ளே வந்தார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பாய். என் அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில், இவ்வளவு நேரம் நான் ஒட்டிக்கொண்டிருந்த இடம் இன்னும் சூடாகத்தான் இருந்திருக்கும். நான் பாய்ந்துபோய் அதில் உட்கார்ந்துகொண்டேன்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு, புள்ள” என்றாள் அம்மா. “டீச்சரம்மாவுக்கு எடங் குடு.”

நான் தள்ளி உட்கார்ந்தேன்.